பன்னிரண்டரை அடி வீட்டுல ஸ்னூக்கர் டேபிள்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், வீட்டுல சின்ன டேபிள் போட்டு ஸ்னூக்கர் (கோலால வெள்ளப் பந்த அடிச்சு மத்த பந்துகள டேபிள் ஓரத்துப் பாக்கெட்ல தள்ளுற ஆட்டம்) பழகலாமா, பழகினா ஸ்னூக்கர் ஹால்ல போய் ஆடும்போது கை கொடுக்குமான்னு. மழை பிடிச்சுக்கிச்சு, சாயங்காலம் வெளிய அனுப்ப வீட்ல யோசிக்கிறாங்க, அதனால பிள்ளைங்க கண்ணு முன்னாடியே ஆடட்டும்னு நினைக்கிறது நியாயம்தான். நான் பதினாறு வயசுல ரங்கூன்ல ஒரு ஹால்ல மார்க்கரா நின்னவன், ஸ்கோர் போர்டு தள்ளிக்கிட்டே ஆட்டத்த பாத்து கத்துக்கிட்டவன், அப்புறம் நிறைய பிள்ளைங்களுக்கு சொல்லியும் கொடுத்திருக்கேன், அதான் கடிதத்துல சயா, வாத்தியாருன்னு கூப்பிடுறாங்க. கையால பண்ணிப் பாத்தத மட்டும் சொல்றேன்.

கேள்வி: சயா, நாங்க ரங்கூன் தாம்வேல மூணாவது மாடில இருக்கோம். வீடு 12½ அடி அகலம், 50 அடி நீளம், நம்ம ஊர் பிளாட் எல்லாம் இருக்கிற மாதிரிதான். மகனுக்கு 13 வயசு, ஸ்னூக்கர்னா உயிரு. 6 அடி டேபிள் ஒண்ணு பழசு விலைக்கு வருது. இடம் பத்துமா, மாடி தாங்குமா, இதுல ஆடி ஒரு பிரயோஜனம் உண்டா?

பதில்: பிரயோஜனம் உண்டு தம்பி, அத முதல்ல சொல்லிடுறேன். ஸ்டீபன் ஹென்ட்ரிக்கு 12 வயசுல கிறிஸ்துமஸ் பரிசா வீட்டுல வாங்கிக் கொடுத்தது பிள்ளைங்க ஆடுற சின்ன டேபிள்தான், அவரு 1990ல 21 வயசுல உலக சாம்பியன் ஆனாரு, மொத்தம் ஏழு தடவ ஆனாரு. அதுக்காக டேபிள் வாங்கினா மகன் சாம்பியன் ஆயிடுவான்னு அர்த்தம் இல்ல, ஆனா ஆசை முளைக்கிறதுக்கும் கை படியிறதுக்கும் அந்த சைஸ் போதும்.

இப்ப இடம். ஒரு கணக்கு சொல்றேன், டேப்பு எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க. பந்து ஓடுற இடத்தோட அளவு, அதோட ரெண்டு பக்கமும் க்யூ (பந்து அடிக்கிற கோல்) நீளம், அதுக்கு மேல ரெண்டு பக்கமும் கை பின்னாடி இழுக்க 6 இஞ்ச். க்யூ 58 இஞ்ச்னா ஒரு பக்கத்துக்கு 64 இஞ்ச் வேணும். 6 அடி டேபிள்ல பந்து ஓடுற அகலம் சுமார் 33 இஞ்ச்னு வச்சா மொத்தம் 161 இஞ்ச், அதாவது 13 அடி 5 இஞ்ச். உங்க வீடு வெளி அளவு 12½ அடி, ரெண்டு சுவரு கனம் போக உள்ள 11½ அடி கிடைச்சா பெரிசு. அப்ப பத்தாது. நீளவாக்குல கவலையே இல்ல, 50 அடில எங்க வேணா போடலாம்.

இந்த இடத்துலதான் எல்லாரும் 48 இஞ்ச் குட்டி க்யூ வாங்கிடுறாங்க. நான் வேணாம்பேன். குட்டி க்யூல பிடி முன்னாடி வந்துடும், பின்கை தொங்குற கோணம் மாறிடும், எடையும் வேற, ஆறு மாசம் அதுல பழகிட்டு ஹால்ல போய் 58 இஞ்ச் க்யூ எடுத்தா பையன் புதுசா கத்துக்கணும். அதுக்கு பதிலா டேபிள ரூமுக்கு நடுவுல போடாம ஒரு சுவரு பக்கமா தள்ளிப் போடுங்க. உள்ள அகலம் 138 இஞ்ச், டேபிளோட வெளி அகலம் சுமார் 39 இஞ்ச், மிச்சம் 99. ஒரு பக்கம் 61 இஞ்ச் விட்டீங்கன்னா குஷன் (டேபிள் ஓரத்து ரப்பர் விளிம்பு) கனத்தையும் சேத்து முழு க்யூவுக்கு சரியா வரும், மறு பக்கம் 38 இஞ்ச் இருக்கும், அது நடக்கிறதுக்கும் பந்து எடுக்கிறதுக்கும் தாராளம். ஆக ஒரு நீளப் பக்கம், ரெண்டு தலைமாடு, மூணு பக்கத்துல இருந்து முழு க்யூவோட ஆடலாம், நாலாவது பக்கம் வெள்ளப் பந்து மாட்டிக்கிச்சுன்னா பந்த கையால இந்தப் பக்கம் எடுத்து வச்சுட்டு ஆட வேண்டியதுதான், பழகத்தானே போறான், மேட்ச் இல்லையே.

மாடி தாங்குமான்னு கேட்டீங்க. முழு சைஸ் டேபிள் ஸ்லேட் கல்லோட ஒரு டன்னுக்கு மேல போகும், அதெல்லாம் கீழ் வீட்டுக்குத்தான். 6 அடி டேபிள்ல அடிப்பலகை எம்டிஎஃப்னா (மரத்தூள அழுத்திச் செஞ்ச பலகை) ரெண்டு ஆளு தூக்கிடலாம், பயமில்ல. ஆனா 6 அடிலயே ஸ்லேட் போட்டது வந்தா அது கனம், உங்க பில்டிங் பழைய மரத் தளம்னா விவரம் தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர கூட்டிட்டு வந்து காட்டாம ஏத்தாதீங்க. மூணு மாடி படில ஸ்லேட்டத் தூக்குற பாடும் இருக்கு.

இன்னொண்ணு, வாங்குறதுக்கு முன்னாடி உயரம் அளந்து பாருங்க. ஹால் டேபிளோட உயரம் 2 அடி 9½ இஞ்ச்ல இருந்து 2 அடி 10½ இஞ்ச்சுக்குள்ள இருக்கணும்னு விதி. வீட்டுக்கு வர்ற டேபிள் நிறைய அதவிட குட்டை. குட்டை டேபிள்ல குனிஞ்சு பழகின பிள்ளைக்கு ஹால்ல தாடை க்யூ மேல வராது, முட்டி மடக்கிற பழக்கமும் வந்துடும். ஆசாரிகிட்ட சொல்லி நாலு தேக்குக் கட்டை ஒரே உயரத்துல அறுத்து, கால் வழுக்காம இருக்க மேல ஒரு குழி தோண்டி, கீழ முட்டுக் கொடுங்க. செலவு கொஞ்சம்தான், ஆனா டேபிளுக்கு கொடுக்கிற காசவிட அதுல வர்ற லாபம் பெரிசு.

கேள்வி: சயா, எங்க வீட்டு 6 அடி டேபிள்ல 10 ரெட் (சிவப்புப் பந்து) வச்சு ஆடுறேன், 50, 60 பிரேக் (தப்பாம ஒரே தடவைல எடுக்கிற பாயிண்ட்) சர்வசாதாரணமா போகுது. ஹால்ல போனா 20 தாண்டல. பசங்க முன்னாடி மானம் போகுது. என்கிட்ட என்ன கோளாறு? (மோல்மீன் வாசகர்)

பதில்: உங்ககிட்ட கோளாறு இல்ல தம்பி, மனசு விடாதீங்க. இது எல்லாருக்கும் வர்றது, வீட்டு டேபிள்ல பழகின நல்ல பையன்கள் இந்த இடத்துலதான் ஆட்டத்தையே விட்டுட்டுப் போறத நான் கண்ணால பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல தூரம். முழு டேபிள்ல பந்து ஓடுற இடம் 11 அடி 8½ இஞ்சுக்கு 5 அடி 10 இஞ்ச். ஒரு மூலைல இருந்து எதிர் மூலை வரைக்கும் அளந்தா 13 அடி. உங்க டேபிள்ல அதே மூலைக்கு மூலை 6 அடி சொச்சம். நீங்க வீட்டுல ஆடுற ஆக நீளமான அடியே ஹால்ல ஒரு நடுத்தரமான அடிதான். பந்து 1 டிகிரி விலகிப் போனா 3 அடில முக்கா இஞ்ச்சுக்கும் குறைச்சல்தான் தள்ளும், பாக்கெட் வாய் அத மன்னிச்சு உள்ள வாங்கிக்கும். அதே 1 டிகிரி 6 அடில 1¼ இஞ்ச் ஆயிடும், பந்து பாக்கெட் வாயோட ஓரத்துல முட்டி நிக்கும். அதுபோக வெள்ளப் பந்துக்கும் அடிக்கிற பந்துக்கும் நடுவுல இருக்கிற தூரமும் கூடுதே, அங்க வர்ற சின்னப் பிழை அடுத்த பந்துல பல மடங்காத்தான் தெரியும். ஆக ஹால்ல போனதும் உங்க கை கெட்டுப் போயிடல, வீட்டுல இருந்த அதே பிழை அங்க கண்ணுக்குத் தெரியுது.

ரெண்டாவது பந்து. ஹால் பந்து 52.5 மில்லிமீட்டர். 6 அடி டேபிளோட வர்றது பெரும்பாலும் 48 மில்லிமீட்டர். பாக்க கொஞ்ச வித்தியாசம், எடைல பாத்தா ஹால் பந்துல முக்கா பங்குதான் இருக்கும். லேசான பந்துக்கு ஸ்க்ரூ (வெள்ளப் பந்து பின்னாடி திரும்பி வர்ற அடி) சுலபமா வரும், தட்டினாலே பின்னாடி வரும், அதே தட்டு ஹால்ல தட்டினா வெள்ளப் பந்து நின்ன இடத்துல நிக்கும், நீங்க பொசிஷன் (அடுத்த அடிக்கு வசதியான இடம்) கிடைக்கலன்னு நினைப்பீங்க. சரி அப்ப வீட்டு டேபிளுக்கே பெரிய பந்து வாங்கிப் போட்டுடலாமான்னு கேட்பீங்க, வேணாம், குஷன் ரப்பர் பந்தோட நடுவுக்கு கொஞ்சம் மேல தொடுற மாதிரி உயரம் வச்சு ஒட்டியிருப்பாங்க, பெரிய பந்து போட்டா அந்தத் தொடுற இடம் கீழ இறங்கி வேகமா அடிச்சா பந்து குதிக்கும், பாக்கெட்டும் இறுக்கிப் பிடிக்கும்.

மூணாவது, ரெஸ்ட், கைக்கு எட்டாத பந்துக்கு க்யூவத் தாங்குற நீளக் கம்பு. உங்க வீட்டுல எந்தப் பந்தும் கைக்கு எட்டும். ரெஸ்ட்டே தொட்டிருக்க மாட்டீங்க. ஹால்ல அடிக்கடி ரெஸ்ட் வச்சு அடிக்க வேண்டி வரும், அங்கதான் பிரேக் அறுந்து போகும். ஒரு ரெஸ்ட் வாங்கி வீட்டுல கைக்கு எட்டுற பந்தையே வேணும்னு ரெஸ்ட் வச்சு அடிங்க, தினமும் பத்து அடி. கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும்.

என்னோட முக்கியமான பேச்சு இதுதான்: வீட்டு டேபிள்ல பிரேக் எண்ணாதீங்க. அங்க எண்ண வேண்டியது, வெள்ளப் பந்து நீங்க சொன்ன இடத்துல எத்தன தடவ நின்னுச்சுன்னு. அதுக்கு சாக்பீஸால துணில குறி போட வேணாம், ஒரு சின்னக் காகிதத் துண்ட போடுங்க, ரெட்ட பாக்கெட்ல போட்டு வெள்ளைய அந்தக் காகிதத்து மேல நிறுத்துங்க. பத்துக்கு எத்தனன்னு நோட்டுல எழுதுங்க. அந்த எண்ணிக்கை ஹாலுக்கும் கூடவே வரும், 60 பிரேக் வராது. 15 ரெட் வச்சா சின்ன டேபிள்ல நெருக்கமா கிடந்து எல்லாமே அதிர்ஷ்டத்துல போகும், 10 ரெட்டும் எனக்கு அதிகமாத்தான் படுது, 6 ரெட் வைங்க, ஒவ்வொரு ரெட்டுக்கும் பிளாக் எடுத்து, கடைசில கலர் ஆறையும் முடிச்சா 75 பாயிண்ட், அத குறியா வச்சுக்கிட்டு ஆடலாம். வாரத்துல ஒரு நாளாவது ஹால்ல முழு டேபிள்ல ஒரு மணி நேரம் ஆடணும், அங்க போய் மேட்ச் போடாம தூரத்துப் பந்த பாக்கெட்ல போடுறத மட்டும் பழகிட்டு வாங்க, ஏன்னா வீட்டுல கிடைக்காதது அது ஒண்ணுதான்.

கேள்வி: வாங்கின டேபிள்ல கோடும் இல்ல, புள்ளியும் இல்ல. எங்க போடணும்? (தட்டோன் வாசகர்)

பதில்: பந்து ஓடுற இடத்த மட்டும் குஷன் மூக்குல இருந்து குஷன் மூக்குக்கு அளங்க. நீளத்துல 5ல ஒரு பங்கு கீழ் குஷன்ல இருந்து, பால்க் கோடு (ஆட்டம் தொடங்குற பக்கத்துக் குறுக்குக் கோடு). அகலத்துல 6ல ஒரு பங்கு, டி வளைவோட (அந்தக் கோட்டுக்குக் கீழ வர்ற அரை வட்டம்) ஆரம். நீளத்துல 11ல ஒரு பங்கு மேல் குஷன்ல (எதிர்த் தலைமாடு) இருந்து, பிளாக். நட்ட நடு ப்ளூ, ப்ளூவுக்கும் மேல் குஷனுக்கும் நடுவுல பிங்க். கோட்டு நடுவுல பிரவுன், டி வளைவு கோட்டத் தொடுற ரெண்டு முனைல மஞ்சளும் பச்சையும், மேல் குஷனப் பாத்து நின்னா மஞ்சள் வலது கைப் பக்கம். 66க்கு 33 இஞ்ச் டேபிள்னா கோடு 13.2, டி 5½, பிளாக் 6 இஞ்ச். தையல்காரர் வச்சிருக்கிற சாக்பீஸ்ல லேசா போட்டு ஒரு வாரம் ஆடிப் பாத்துட்டு அப்புறம் அழுத்திப் போடுங்க.

கேள்வி: சயா, எனக்கு 17 வயசு, ரங்கூன் பொட்டட்டாங்ல இருக்கேன். அண்ணனோட டேபிள் வீட்டுல இருக்கு. ஹாலுக்கு என்ன அனுப்ப மாட்டாங்க, சிகரெட் புகையும் ஆம்பளைங்க கூட்டமுமா இருக்குன்னு அம்மா சொல்றாங்க. கூட ஆட ஆளும் இல்ல. தனியா தினமும் அரை மணி நேரம் கிடைக்கும். என்ன பண்ணட்டும்?

பதில்: தங்கச்சி, உன் கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். பக்கத்து நாடு தாய்லாந்துல நுச்சருத் வொங்கருதாய்னு ஒரு பொண்ணு, மிங்க்னு கூப்பிடுவாங்க, 2022ல பெண்கள் உலகப் பட்டம் ஜெயிச்சா, மறு வருஷம் 2023ல இன்னொரு தாய்லாந்து பொண்ணு ஜெயிச்சா. நமக்கு எட்டாத தூரத்துல நடந்த கதை இல்ல இது. தனியா பழகுறத குறையா நினைக்காத, ஸ்னூக்கர்ல பெரிய ஆட்டக்காரங்களும் நிறைய நேரம் தனியா டேபிளோடதான் பழகுறாங்க.

முதல் அஞ்சு நிமிஷம் வெள்ளப் பந்து மட்டும். பிரவுன் புள்ளில வை, ப்ளூ, பிங்க், பிளாக் புள்ளி மேலயே போய் மேல் குஷன்ல பட்டு அதே கோட்டுல திரும்பி வந்து, அடிச்ச இடத்துலயே நீட்டி வச்சிருக்கிற க்யூ டிப்புல வந்து தொடணும். அடிச்சதும் எந்திரிக்காத, க்யூவ இழுக்காத, அப்படியே இரு. பந்து குஷன்ல பட்டதும் வலது பக்கமா ஒதுங்கி வருதுன்னா நீ தெரியாம வலது பக்கம் அடிக்கிற, பந்துக்கு சைடு, பக்கவாட்டுச் சுழற்சி, ஏறுது. கண்ணுக்கு நடுன்னு தோணுற இடம் உண்மையான நடு இல்லன்னு அர்த்தம், தாடைய க்யூ மேல அரை இஞ்ச் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகத்திப் பாரு, ஒரு இடத்துல சரியா வரும், அந்த இடத்த மறக்காத. இத நான் எத்தனையோ பேருக்கு சொல்லியிருக்கேன், பத்து நாளு ஒழுங்கா செஞ்சவங்க ரொம்ப கொஞ்சம், செஞ்சவங்க கை நேராயிடுச்சு.

அடுத்து ஒரு ரெட்ட ப்ளூ புள்ளில வை, வெள்ளைய ஒரு அடி தள்ளி நேரா வை, மூலை பாக்கெட்டுக்கு அடி, வெள்ள ரெட்டத் தொட்ட இடத்துலயே செத்த மாதிரி நிக்கணும். ஸ்டன் இது. நின்னா மட்டும் தூரத்த கூட்டு. நிக்காம முன்னாடி உருண்டா இன்னும் கீழ அடி, பின்னாடி வந்தா கொஞ்சம் மேல. இது வந்தப்புறம்தான் ஸ்க்ரூ. நிறைய பேரு ஸ்க்ரூல ஆரம்பிக்கிறாங்க, பாக்க அழகா இருக்கேன்னு, அப்ப க்யூவோட பின்பக்கம் தூக்கிப் போயிடும்.

கடைசி பத்து நிமிஷம் கலர் ஆறும் அதது புள்ளில வச்சு மஞ்சள்ல ஆரம்பிச்சு பிளாக் வரைக்கும் வரிசையா, 27 பாயிண்ட். தப்பினா திரும்ப மஞ்சள்ல இருந்து.

கரண்ட் இல்லாத நாள்ல காலி தண்ணி பாட்டில ஒரு மேஜைல படுக்க வச்சு, வாய் உன்ன பாத்த மாதிரி, க்யூவ பாட்டில் கழுத்துக்குள்ள விட்டு ஓரத்துல படாம முன்னும் பின்னும் ஓட்டு. மெழுகுவத்தி வெளிச்சம் போதும் இதுக்கு. ஒண்ணு மட்டும், தமேன் (பொம்பளைங்க இடுப்புல சுத்திக் கட்டுற துணி) கட்டிக்கிட்டு பழகாத, கால் அகட்டி நிக்க முடியாம இடுப்பு திரும்பிடும், பேன்ட் போட்டுக்க. அண்ணனுக்கும் இதே, லுங்கிய மாத்தச் சொல்லு. அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிப் பாரு, காலைல ஹால் திறந்த உடனே கூட்டம் இருக்காது, அவங்களே கூட வந்து உக்காந்துக்கலாம், மாசத்துல ரெண்டு தடவ போனா கூட முழு டேபிள் கண்ணுக்குப் பழகும்.

கேள்வி: ஸ்னூக்கர் வெள்ளக்காரன் ஊர்லயா பொறந்துச்சு? ஊட்டின்னு தாத்தா சொல்றாரு.

பதில்: தாத்தா சொல்றதுல விஷயம் இருக்கு. 1875ல ஜபல்பூர்ல இருந்த நெவில் சேம்பர்லேன்ங்கிற ராணுவ அதிகாரி பில்லியர்ட்ஸ் பந்தோட கலர் பந்தையும் சேத்து ஆடினதுல ஆரம்பிச்சதுன்னு வரலாறு, பின்னாடி பிரதமரான சேம்பர்லேன் வேற ஆளு. அப்புறம் 1880கள்ல நம்ம நீலகிரி ஊட்டி கிளப்புலதான் விதிமுறை எழுதி மாட்டினாங்க. ஆக தமிழ்நாட்டு மலைக்கும் பங்கு உண்டு. நம்ம பர்மாவுக்கும் ஒரு பக்கம் இருக்கு, 2019ல மண்டலேல நடந்த உலக பில்லியர்ட்ஸ்ல பங்கஜ் அத்வானி பட்டம் ஜெயிச்சாரு, ஃபைனல்ல எதிர்ல நின்னது நம்ம நாட்டு ஆட்டக்காரர்.

கேள்வி: பெகுல இருந்து எழுதுறேன் சயா. போன வருஷம் மழைக்கு முன்னாடி பையனுக்கு டேபிள் வாங்கிக் கொடுத்தோம். ஆவணி முடியறதுக்குள்ள பந்து எல்லாம் ஒரு பக்கமா உருளுது, துணியும் சொரசொரன்னு ஆகி பந்து ஓட மாட்டேங்குது. ஏமாந்துட்டோமா?

பதில்: ஏமாறலக்கா, மழைதான். வைகாசில பிடிச்சா ஐப்பசி வரைக்கும் நம்ம ஊர்ல காத்துல தண்ணிதானே. ஸ்லேட் கல்லுக்கு ஈரம் ஏறாது, ஆனா எம்டிஎஃப் பலகை ஈரத்த குடிச்சு ஊதும், நடுவுல தாழும். முதல்ல பலகை வளைஞ்சிருக்கா, இல்ல தரைதான் சாய்வான்னு பாருங்க. ஒரு பந்த நீளவாக்குல, அகலவாக்குல, குறுக்கால மெதுவா உருட்டுங்க, எல்லாம் ஒரே பக்கம் போனா கால்ல கோளாறு, கட்டை வச்சு சரி பண்ணலாம். ஒரு இடத்துல மட்டும் திரும்பி நடுவுக்கு ஓடினா பலகை இறங்கியிருக்கு. அப்ப கீழ குறுக்குச் சட்டம் ரெண்டு ஆசாரிய வச்சு முட்டுக் கொடுத்தா ஓரளவு நிமிரும், முழுசா நிமிரும்னு நான் சொல்ல மாட்டேன். ஜன்னல் ஓரத்துல, சுவத்த ஒட்டி போட்டிருந்தா முதல்ல அங்க இருந்து நகத்துங்க, எங்க ஊர்ல மழைச் சாரல் உள்ள வந்தே பாதி டேபிள் போயிருக்கு. மேல ஈரத் துணியோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடாதீங்க, ஆடி முடிச்சதும் அரை மணி ஃபேன் காத்து விட்டுட்டு பருத்தி விரிப்பு போட்டு மூடுங்க.

துணிக்கு வர்றேன். கம்பளித் துணியா, நைலான் கலந்ததான்னு வித்தவங்ககிட்ட கேளுங்க. நைலான்னா அயர்ன் பக்கமே போகாதீங்க, உருகிடும், ஈரமில்லாத பிரஷ் மட்டும். கம்பளித் துணின்னா அதுல முடி மாதிரி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், பால்க் கோட்டுப் பக்கத்துல இருந்து பிளாக் பக்கமா, கையால தடவினா தெரியும், ஒரு பக்கம் வழுவழு மறு பக்கம் சொரசொர. எப்பவும் பால்க்ல இருந்து பிளாக் பக்கமாத்தான் பிரஷ் பண்ணணும், திருப்பி இழுக்கக் கூடாது. அயர்ன் பண்ணா லேசான சூடுதான், முதல்ல ஒரு பழைய காகிதத்துல வச்சு பாருங்க, காகிதம் பழுத்தா சூடு அதிகம். தண்ணி தெளிக்காதீங்க, நிறுத்தாம ஒரே ஓட்டமா அதே பக்கம் ஓட்டுங்க. கரண்ட் இருக்கிற நேரம் பாத்து வாரம் ஒரு தடவ போதும், சாக்பீஸ் தூள் போக பிரஷ் மட்டும் ஆடுற ஒவ்வொரு நாளும் போடச் சொல்லுங்க, உங்க பையனையே போடச் சொல்லுங்க.